வளைவில் வரவேண்டிய சிரிப்பு

கொல்லிமலைக்கு ஏறும் சாலை காரவள்ளியில் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த எழுபதுக்கும் முன்னால், பஞ்சர் கடையை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குருவின் பெயர் கோகிலவாணி. குயில் மாதிரிப் பேசட்டும் என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். அவள் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு பிளக் டப்பாவுக்குள் போட்டு மூடிவிடலாம்.

அவளுக்கும் சேர்த்துச் சீடர் ராக்கியண்ணன் பேசினார். இருபத்தாறு வருடம் சேந்தமங்கலம் ரூட்டில் பஸ் ஓட்டியவர். கண் பரிசோதனையில் ஒற்றை எழுத்து மூன்றாகத் தெரிந்த அன்றைக்கு ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார். கண் போனால் என்ன, காது இருக்கிறது என்று மறுநாளே இன்ஜின் வேலை கற்றுக்கொள்ள இந்தக் கொட்டகைக்கு வந்து நின்றார்.

காது மட்டுமில்லை, வாயும் இருந்தது. எந்தக் குரல் காதில் விழுந்தாலும் அது அவர் வாய் வழியாக வெளியே வரும். கண்டக்டர், செக்கர், பாட்டரி இறங்கின இன்ஜின், எல்லாமே வரும். ஒருமுறை ஃபேன் பெல்ட் கீச்சிடுவது போல உட்கார்ந்த இடத்திலிருந்தே கீச்சிட்டார். கோகிலவாணி பழுதுக்கு வந்த வேனின் இன்ஜினை மூன்று தடவை திறந்து பார்த்தாள். நாலாம் தடவை திறக்கவில்லை. எண்ணெய்த் துணியைச் சுருட்டி அவர் வாயில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு சட்டம் இருந்தது. அங்கே நிற்கும் பழைய பெட்ரோல் வேனுக்குச் சீடன் தன் கையால் டைமிங் வைக்க வேண்டும். குருவும் சீடனும் போக எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு அது எழுபது வளைவும் இடிக்காமல் ஏற வேண்டும். ஏறிவிட்டால் சொந்தப் பெயரில் போர்டு மாட்டலாம். மூன்று தடவைதான். நாலாவது கிடையாது.

டைமிங் என்பது இவ்வளவுதான். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும். அது உச்சிக்கு வரும் முன்பே பிளக் பொறி விட வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கிற பெட்ரோல் கலந்த காற்று முழுக்கப் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டவும் நெருப்பு முழுசாக எழவும் சரியாக இருந்தால் வண்டி இழுக்கும். பொறி தாமதித்தால் வண்டி சோர்ந்து கொதிக்கும். முந்திக்கொண்டால், ஏறி வருகிற பிஸ்டனின் மண்டையிலேயே அடி விழும். டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் வரும். அதைத்தான் இடிக்கிறது என்பார்கள்.

முதல் தடவை ராக்கியண்ணன் புத்தகத்தில் இருந்தபடி, பொறி உச்சிக்கு ஐந்து டிகிரி முன்னால் விழும்படி வைத்தார். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால், உள்ளே இரண்டு குட்டி எடைகள் ஸ்பிரிங்கில் கட்டியிருந்தன. வேகம் கூடக்கூட அவை வெளியே விரிந்து டைமிங்கை முன்னே தள்ளின. "அஞ்சுன்னா அஞ்சுதான், என்ன துள்ளல் வேண்டிக்கிடக்கு?" என்று கம்பியைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். வேன் மூன்றாவது வளைவில் கொதித்து நின்றது. எட்டுப் பேரும் இறங்கி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

இரண்டாம் தடவை கம்பியை எடுத்துவிட்டார். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் ட்யூப் இருந்தது. அது வண்டி லேசாகப் போகும்போது டைமிங்கை முன்னே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பாரம் ஏறினதும் பின்னே விட்டுவிட்டது. வேலை நேரத்தில் பின்வாங்குகிற ஆள் எதற்கு என்று அதைப் பிடுங்கி, ஓட்டையில் ஆணியைச் செருகினார். பாரத்துக்கு ஆகட்டும் என்று மூன்று டிகிரி கூடுதலாக முன்னே தள்ளி வைத்தார். பதினோராம் வளைவில் கூழாங்கல் சத்தம் கேட்டது. ஓட்டிக்கொண்டிருந்த கோகிலவாணி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அகலமான இடம் பார்த்து வண்டியைத் திருப்பினாள்.

இனி ஒரு தடவை பாக்கி.

மூன்று வருடத்துக்கு முன்பே எழுதி வாங்கிய போர்டு வீட்டில் இருந்தது. 'ராக்கியண்ணன் டியூனிங் ஒர்க்ஸ்', மஞ்சளில் சிவப்பு எழுத்து. அவர் மனைவி சரசு அதைத் தண்ணி டிரம்முக்கு மூடியாகப் போட்டிருந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது. மைத்துனன் ஒருவன் நூல் மில்லில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தான்.

"ஒண்ணாந்தேதி வந்துருங்க மாமா. சேரு போட்டுருவாங்க. விசில் குடுத்துருவாங்க. நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கலாம்" என்று மைத்துனனின் மூக்குக் குரலில் ராக்கியண்ணன் சொல்லிக் காட்டினார். சொல்லி முடித்தபோது அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"நான் உக்கார மாட்டேனுங்க மேஸ்திரியம்மா" என்றார், தன் சொந்தக் குரலில்.

கோகிலவாணி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை சந்தை. மேல போறதுக்கு ஆளு இருக்கும்" என்றாள்.

"இன்னைக்குத் திங்கள். ரெண்டு நாள் இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"ம்."

"வேகம் கூடினா பொறி முன்னாடியே விழோணும். அது மண்டையில ஏறிருச்சுங்க. ஸ்டாப்புல நிக்கோணும்னா, வேகமா வர்றவன் தூரத்துலயே பிரேக்கத் தொட்டுறோணும். சரிதானுங்களே?"

"சரி."

"பாரம் கூடினாலும் அதேதானுங்களே? அறுபது பேர ஏத்திட்டு வந்தேன்னு வெச்சுக்குங்க, இன்னும் முன்னாடியே மிதிச்சாத்தான் நிக்கும். ஆனா இந்த ட்யூப்பு பாரம் ஏறினா பின்னாடி போகுது. ஏனுங்க இப்படி?"

"இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டினீங்களா?"

"ஆமாங்."

"அதுதாண்ணா இடிக்குது."

அவ்வளவுதான். ஸ்பேனரை மாட்டிவிட்டு வேன் சாவியை எடுத்தாள்.

கொட்டகை வாசலில் அத்தாயி நின்றுகொண்டிருந்தார். மேலே சோளக்காட்டில் அன்னாசி போடுகிறவர். வெற்றிலை வாயை மூட விடாது. எந்த வண்டி கிளம்பினாலும் ஏறிக்கொள்வார்.

"ஏறுங்கம்மா, கடைசி சீட்டுல உக்காருங்க" என்றாள் கோகிலவாணி. பிறகு சீடரைப் பார்த்து, "கோழிக் கதை தெரியுமில்ல?"

"அது தெரியாமயா?"

"அந்த மொத வளைவு தெரியுது பாருங்க. வண்டி அதத் தொடும்போது இவங்க சிரிக்கோணும். முன்னாடியும் வேண்டாம். பின்னாடியும் வேண்டாம்."

"இதுக்கும் டைமிங்குக்கும்..."

வண்டி கிளம்பிவிட்டது.

கொட்டகையிலிருந்து முதல் வளைவு வரைக்கும் நேர்ச் சாலை. முதலில் பஞ்சர் கடை, அப்புறம் ஒரு மைல்கல், அப்புறம் ஒரு புளியமரம், அப்புறம் வளைவு. கோகிலவாணி மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினாள். ராக்கியண்ணன் புளியமரத்தில் ஆரம்பித்தார். முதலில் கண்டக்டர் குரல்.

"பையில என்னம்மா?"

பிறகு பம்மிப் பேசுகிற பெண் குரல். "துணிமணிங்க."

பிறகு பைக்குள் இருந்து. "கொக்கரக்கோ!"

"துணி கூவுதேம்மா!"

"புதுத் துணிங்க."

வளைவு வந்தது. போனது. அத்தாயி மென்றுகொண்டிருந்தார். அந்தக் கதை காதில் நுழைந்து, வெற்றிலையைத் தாண்டி, வயிற்றில் இறங்கித் திரும்பி வர அதற்கென்று ஒரு நேரம் எடுத்தது. வளைவைத் தாண்டி இருபது அடியில் "ஹஹ்ஹா, புதுத் துணியாம்ல!" என்று குலுங்கினார்.

"லேட்டு" என்றாள் கோகிலவாணி. வண்டியைத் திருப்பினாள்.

இரண்டாம் தடவை மைல்கல்லில் ஆரம்பித்தார். அத்தாயிக்கு ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்டாலும் பதினோராவது தடவை புதுசு. வளைவில் வண்டி முகத்தைத் திருப்பவும் சிரிப்பு வரவும் சரியாக இருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் ராக்கியண்ணன்.

கோகிலவாணி திரும்பி வந்து மறுபடி கிளம்பினாள். இந்த முறை ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வேன் பறந்தது. மைல்கல்லில் கண்டக்டர் வாயைத் திறந்தார், புளியமரத்தில் கோழி கூவியது, "புதுத் துணிங்க" என்பதற்குள் வளைவு முடிந்து அடுத்த நேர்ச் சாலையே வந்துவிட்டது.

"அத்தாயம்மா அதே ஆளுதான். சிரிக்க அதே நேரந்தான் எடுக்கறாங்க" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அடுத்த முறை பஞ்சர் கடையிலேயே ஆரம்பித்தார். வளைவில் சிரிப்பு வந்தது.

"வேகமுங்க. வேகத்துக்கு முன்னாடி. இது எனக்குத் தெரிஞ்சதுதானுங்களே?"

"தெரிஞ்சதுதான்."

பஞ்சர் கடை நிழலில் பஸ்ஸுக்காக ஏழு பேர் நின்றிருந்தார்கள். கோகிலவாணி கதவைத் திறந்துவிட்டாள். மடியில் மூட்டை, மூட்டை மேல் குழந்தை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு எல்லோரும் அடைந்து உட்கார்ந்தார்கள். பாரத்தில் வேன் அமுங்கியது.

"அதே வேகம்" என்றாள்.

இவ்வளவு பாரம், இன்னும் முன்னாடியே ஆரம்பித்துவிடலாம் என்று கொட்டகை வாசலிலேயே ராக்கியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பையில என்னம்மா?"

முன்சீட்டில் ஒருத்தி களுக்கென்றாள். பக்கத்தில் இருந்தவளின் தோள் அதிர்ந்தது. அந்தத் தோள் அடுத்த தோளை இடித்தது. "துணிமணிங்க" என்பதற்குள் நடு சீட்டு முழுக்கப் பற்றிக்கொண்டது. கோழி கூவவே இல்லை, வேன் வெடித்தது. அத்தாயி கூட, வெற்றிலைக்குக் காத்திராமல், பக்கத்து ஆள் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். மைல்கல் வந்தபோது எல்லோரும் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வளைவு வந்தபோது வண்டியில் பேச்சு மூச்சில்லை. குழந்தை மட்டும் விக்கியது.

கோகிலவாணி திரும்பிப் பார்க்கக் கூட இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"டிரைவரே, எங்கள மேல கொண்டு போவீங்களா, இங்கயே உழுவீங்களா?" என்றது ஒரு குரல். ராக்கியண்ணன் அதே குரலில் திருப்பிச் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு குரல் அவர் காதில் விழுந்து வாய்க்கு வராமல் போனது.

மறுபடி கிளம்பினார்கள். அதே வேகம். பஞ்சர் கடை போனது. வாயை மூடிக்கொண்டிருந்தார். மைல்கல் வந்தது. நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். புளியமரம் வந்தது.

"பையில என்னம்மா?"

வளைவில் வேனே குலுங்கிச் சிரித்தது.

அத்தாயியையும் அந்த ஏழு பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கொட்டகைக்கு வந்தார்கள். ராக்கியண்ணன் வேனின் முன்சீட்டைத் தூக்கி, அதன் அடியில் இருந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெருக்கி அடச்சு உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர். அதான் சட்டுனு பத்திக்கிச்சு" என்றார் மெதுவாக.

"ட்யூப்ப உறிஞ்சிப் பாருங்க" என்றாள் கோகிலவாணி.

தான் அடைத்த ஆணியைத் தானே பிடுங்கினார். ரப்பர் ட்யூப்பின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரில் செருகி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே இருந்த தட்டு நகர்ந்து டைமிங்கை முன்னே இழுத்தது. மூச்சை விட்டார். தட்டு பின்னே போனது.

"கால லேசா வெச்சுப் போகும்போது இன்ஜின் இப்படி உறிஞ்சும்" என்றாள். "அப்ப உள்ள ஆளு கம்மி."

"ஏத்தத்துல முழுசா மிதிச்சா?"

"நீங்களே சொல்லுங்க."

அவர் மூச்சை விட்டார். தட்டு பின்னே போனது. மறுபடி உறிஞ்சினார். மறுபடி விட்டார். சாயங்காலம் வரை அதையே செய்துகொண்டிருந்தார். பெட்ரோல் வாடையில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் பேசவில்லை. தான் கூட்டி வைத்த மூன்று டிகிரியையும் எடுத்தார். எடைகளைக் கழற்றி, துடைத்து, கம்பி கட்டிய தழும்பைத் தேய்த்து, ஸ்பிரிங் தடையில்லாமல் விரிகிறதா என்று விரலால் பார்த்தார். புது ட்யூப் போட்டார். அடிப்படை ஐந்து டிகிரியை டைமிங் லைட் அடித்து நேர் செய்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார். கை மறுபடி ஸ்பேனர் பக்கம் போனது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை சந்தை கலைந்தது. எட்டுப் பேர் ஏறினார்கள். அத்தாயிக்குக் கடைசி சீட்டு. கோகிலவாணி ஓட்டினாள். ராக்கியண்ணன் அவள் பக்கத்தில், இன்ஜின் மேலேயே, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது வளைவு போனது. கொதிக்கவில்லை. பதினோராம் வளைவு போனது. கோகிலவாணி முழுசாக மிதித்தாள். இன்ஜின் ஒரே குரலில் இழுத்தது. இருபது. முப்பது. ராக்கியண்ணனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

நாற்பத்திரண்டில் கேட்டது.

டிக்கிடிக்கி, டிக்கிடிக்கி.

"என்னமோ கல்லு கல்லா உருளுதுங்க" என்றார் நடு சீட்டுக்காரர்.

கோகிலவாணி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அவள் கண் அகலமான இடத்தைத் தேடியது.

ராக்கியண்ணனுக்கு மில் கேட் தெரிந்தது. சேர் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை அப்படியே வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். டிக்கிடிக்கி. பதினோராம் வளைவில் போன தடவை கேட்டதையும் சொல்லிப் பார்த்தார். இரண்டும் நாக்கில் ஒரே இடத்தில் உட்காரவில்லை.

"திருப்பாதீங்க" என்றார்.

"சத்தம் வருது."

"கால எடுத்த பொறகும் வருதுங்க. இடிச்சா, நீங்க மிதிச்சாத்தான் வரும். மிதிங்க."

"இடிச்சா பிஸ்டன் போயிரும்ணா."

"முழுசா மிதிங்க மேஸ்திரியம்மா. நாஞ் சொல்றேன்."

அவர் குருவுக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. கோகிலவாணி அவரை ஒரு கணம் பார்த்தாள். மிதித்தாள். வேன் ஏறியது. இன்ஜினில் சத்தமே இல்லை. அடுத்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது கடைசி சீட்டுப் பக்கமிருந்து கேட்டது. டிக்கிடிக்கி.

"அத்தாயம்மா!" என்று பின்னால் பார்த்துக் கத்தினார். "உங்க பையில என்னம்மா?"

"துணிமணிங்க!" என்றார் அத்தாயி.

வேன் முழுக்கச் சிரித்தது. அத்தாயி பையைத் திறந்து, பித்தளை டப்பாவைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கொட்டைப்பாக்கும் பாக்குவெட்டியும் உருண்டுகொண்டிருந்தன. அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் இருபத்தெட்டு வளைவுகளும் இன்ஜின் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

சோளக்காட்டில் எட்டுப் பேரும் இறங்கினார்கள். அத்தாயி கடைசியாக இறங்கி, சீடரின் தோளைத் தட்டி, "தம்பி, அந்தக் கோழி கடைசியில என்னாச்சு?" என்றார்.

"இன்னும் பைக்குள்ளதானுங்க இருக்கு."

கோகிலவாணி திரும்பி இறங்குவதற்குச் சாவியைத் தொட்டாள். ராக்கியண்ணன் பின்னால் பார்த்தார். எல்லா சீட்டும் காலி. அவர் முன்னால் திரும்பி, கையை மடியில் கட்டிக்கொண்டு, வண்டி நகரும் முன்பே கேட்டுவிட்டார்.

"மேஸ்திரியம்மா, போர்டு மாட்டலாமுங்களா?"

அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி இறங்கியது. எழுபது போனது. அறுபது போனது. வேறு நாளாக இருந்தால் அவர் அதே கேள்வியை மைத்துனன் குரலில் ஒன்று, கண்டக்டர் குரலில் ஒன்று என்று நாலு தடவை கேட்டிருப்பார். இன்றைக்குக் கேட்கவில்லை. முப்பது போனது. பதினொன்று போனது. மூன்று போனது. ஜன்னல் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்திருந்தார்.

முதல் வளைவு திரும்பியதும் புளியமரம் தெரிந்தது.

"அண்ணா" என்றாள் கோகிலவாணி.

"சொல்லுங்க."

"டிரம்முக்கு வேற மூடி பாத்துக்கச் சொல்லுங்க அக்காகிட்ட."